போனில் வைத்தியம் யாருக்காக?

பக்கவாதத்தில் கை கால் விழுந்துபோன விவசாயத் தொழிலாளியின் உயிரை ஆஸ்பத்திரி காப்பாற்றுகிறது. அவரை மறுபடி நடக்க வைப்பது இயன்முறை சிகிச்சை. மாத்திரை போல ஒரே நாளில் இதை வாங்கி வர முடியாது. மாதக்கணக்கில், தினந்தோறும் பயிற்சி வேண்டும். நிறுத்தினால் மூட்டு இறுகும், தசை சுருங்கும். குஜிலியம்பாறையிலிருந்தோ நத்தத்திலிருந்தோ திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்கு வந்து போனால், நோயாளியோடு வருகிறவரின் அன்றைய கூலியும் போச்சு. வேடசந்தூர் நூல் மில்களில் ஷிப்டு முழுவதும் நின்று இடுப்பு வலியோடு வீடு திரும்பும் தொழிலாளிக்கும் இதே கதிதான்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. இயன்முறை சிகிச்சையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்த அத்திட்டத்தை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஒன்றியத்துக்கு ஒருவர் என்று நியமித்தால், அந்த ஒருவர் எத்தனை கிராமங்களை, எத்தனை நாளுக்கு ஒருமுறை எட்டிப்பார்க்க முடியும்?

இந்த இடைவெளியை போன் மூலம் நிரப்பலாம் என்கிறார்கள். விஞ்ஞானத்துக்கு நாம் விரோதிகள் அல்ல. முதலில் நேரில் வந்து, தொட்டுப் பரிசோதித்துப் பயிற்சி சொல்லித்தர வேண்டும். பிறகு அதைச் சரியாகச் செய்கிறாரா என்று வீடியோவில் பார்த்துத் திருத்தலாம். இதனால் பஸ் காசும் கூலியும் மிச்சம். தள்ளாடும் நோயாளி விழாமல் பிடித்துக்கொள்ள மட்டும் பக்கத்தில் ஆள் வேண்டும்.

இதற்கு ஏற்பாடு என்ன? 2020 மார்ச் 25 அன்று மத்திய சர்க்கார் வெளியிட்ட தொலைமருத்துவ விதிகள் டாக்டர்களுக்காக எழுதப்பட்டவை. இயன்முறை சிகிச்சையாளர்களின் தொழிலை முறைப்படுத்தும் தேசியச் சட்டம் 2021-ல்தான் வந்தது. விதியும், பயிற்சியும், கருவியும், வேலைநேரத்தில் இதற்கென ஒதுக்கிய நேரமும் கொடுக்காமல் "தயாரா?" என்று அவர்களைக் கேட்பது நியாயமல்ல. வீடு வீடாகச் செல்லும் பெண் தன்னார்வலர்களுக்குக் கிடைப்பதோ சம்பளம் அல்ல, ஊக்கத்தொகை!

இ.எஸ்.ஐ.யில் உள்ள மில் தொழிலாளிக்கு, தகுதி இருந்தால், நோய்க்காலத்தில் 70 சதவீதக் கூலி ஆண்டுக்கு 91 நாள் வரை உண்டு. களை பறிக்கும் பெண்ணுக்கு அதுவும் இல்லை.

ஆகவே நாம் கோருவது இது: ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு நிரந்தர இயன்முறை சிகிச்சையாளர் வேண்டும். போன் வசதி இல்லாதவர்களுக்குத் துணை சுகாதார நிலையத்தில் திரையும் துணையாளும் வேண்டும். தன்னார்வலர்களுக்குப் பயிற்சியும் முறையான சம்பளமும் வேண்டும். விவசாயத் தொழிலாளிக்கும் நோய்க்கால உதவித்தொகை வேண்டும். போனைக் காட்டி ஒரு பணியிடத்தைக்கூடக் குறைக்கக் கூடாது.

தோழர்களே! மில் வாசலில் பேசுங்கள். மே தினத்தன்று கூடும் கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். உழைத்து ஓய்ந்த கைகால்களுக்கு வைத்தியம் கேட்பது பிச்சை அல்ல, உரிமை!