இடுப்பு நலிந்த நாய்க்குட்டி

நாயை நன்றியறிதலுக்கு உவமையாகக் கூறுதல் நம் நாட்டிற் பழைய வழக்காகும். நாலடியார் யானையையும் நாயையும் ஒருங்குவைத்து நோக்கி, தன்மேல் எறியப்பட்ட வேல் உடம்பிற் பதிந்து கிடக்கவும் எறிந்தவனைக் கண்டு வாலாட்டுவது நாய் என்று கூறுகின்றது. கற்போர் இதனை நட்பின் இயல்பு கூறியதாகக் கொள்வர், கொள்வதும் தக்கதே. ஆயின், வீட்டில் நாய் வளர்ப்போர் இதனைப் பிறிதொரு வகையானும் எண்ணிப் பார்த்தல் நன்று. வேல் தைத்த நிலையிலும் வாலாட்டும் ஓர் உயிர் தன் நோவைப் பிறர்க்கு எளிதில் அறிவியாது. அதனைக் கண்டறியும் பொறுப்பு முழுவதும் நம்மைச் சார்ந்ததாகின்றது. இளநாய்களின் இடுப்பு மூட்டைப் பற்றும் நோயில் இவ்வுண்மை தெளிவாக விளங்கும். அந்நோயுற்ற குட்டிகளை நம்மவர் நடத்தும் முறை எனக்குச் சிறிதும் உடன்பாடன்று. அதுபற்றிச் சில கூற விழைகின்றேன்.

இடுப்பிலே தொடையெலும்பின் தலை ஒரு பந்துபோலத் திரண்டு, இடுப்பெலும்பிலுள்ள கிண்ணம் போன்ற குழியிற் செறிந்து நிற்றல் இயற்கை. இந்நோயுடைய குட்டிகளிடத்து அப்பந்து கிண்ணத்தில் இறுகப் பொருந்தாது தளர்ந்து அசைகின்றது. அசையுந்தோறும் கிண்ணத்தின் விளிம்பு தேய்கின்றது, குருத்தெலும்பு சிதைகின்றது, நாளடைவில் மூட்டுவாதம் வந்து சேர்கின்றது. அமெரிக்க நாட்டுக் கால்நடை மருத்துவராகிய ஷ்னெல்லி என்பார் 1935-ஆம் ஆண்டில் இதனை நாய்களிடத்துக் கண்டு எழுதினார். ஹிப் டிஸ்பிளேசியா என்று மருத்துவர் இதனை வழங்குவர். அல்சேஷன், லாப்ரடார், ராட்வீலர், செயின்ட் பெர்னார்டு முதலிய பேருடல் இனங்களில் இது மிகுதி. வியப்பு யாதெனின், இக்குட்டிகள் பிறக்கும்போது அவற்றின் இடுப்பு மூட்டுச் செவ்விதாகவே இருத்தல். சில கிழமைகள் கழிந்த பின்னரே தளர்ச்சி தோன்றுகின்றது. தாய் தந்தையர் வழிவரும் குறை ஒரு பங்கு; ஊட்டியும் உலாவவிட்டும் வளர்க்கும் முறையால் விளைவது மற்றொரு பங்கு. குட்டி வீட்டிற்கு வந்தபின் முன்னதை மாற்ற எவராலும் இயலாது. பின்னதோ முற்றும் நம் கையில் உள்ளது.

நோயின் குறிகள் பெரும்பாலும் ஐந்தாறு திங்களிலேயே புலப்படத் தொடங்கும். குட்டி ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல்போலத் தாவும், காலையில் எழத் தாமதிக்கும், படியேற மறுக்கும், நடக்கையில் இடுப்பு இருபுறமும் அசையும். முயல்போல் ஓடுதலைக் கண்டு வீட்டார் நகைத்து மகிழ்தலும் உண்டு. பின்னர், 'வளர்ந்தாற் சரியாய்விடும்' என்பர். எட்டு ஒன்பது திங்களில் அது பின்கால் ஊன்றமாட்டாது முனகத் தொடங்கியதும் வீட்டார் மனம் வேறாகின்றது. அறிமுகமில்லாத தெருவொன்றிற் கொண்டுபோய் விட்டுவிடுதல், அன்றி மருத்துவரிடம் சென்று ஓர் ஊசியால் உயிரைப் போக்கிவிடுமாறு வேண்டுதல், இவ்விரண்டுமே அவர்தம் நினைவில் எழுகின்றன. முன்னையது கொடுமை என்பதற்குச் சான்று வேண்டா; பசியாலும் தாகத்தாலும் வருந்தும்படி ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுதல் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமுமாம். பின்னையதைப் பலர் இரக்கமென்று கருதுகின்றனர். அவ்விரக்கம் காலமறியாதது என்பதே என் கருத்து.

என்னையெனின், எட்டாம் ஒன்பதாம் திங்கள் இந்நோயின் போக்கில் மிகக் கடிய பருவமாகும். மூட்டைச் சூழ்ந்த தசைநாரும் உறையும் அப்போது இழுப்புண்டு நொந்திருக்கும். எலும்பின் வளர்ச்சி முடிவுறுங்கால், உடம்பு தானே மூட்டுறையைத் தடிக்கச் செய்து பந்தின் அசைவை ஓரளவு தடுத்துக்கொள்கின்றது. நோவும் பல நாய்களிடத்துத் தணிகின்றது. அறுவையின்றிப் பேணப்பட்ட இளநாய்களைப் பல ஆண்டுகள் கழித்து ஆராய்ந்து இங்கிலாந்தில் 1987-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், நான்கில் ஏறத்தாழ மூன்று பங்கு நாய்கள் பெருங்குறையின்றி நடந்தமை கூறப்பட்டுள்ளது. மூட்டு முன்போல ஆகிவிட்டதென்று இதற்குப் பொருளன்று. முதுமையில் வாதம் வரவே செய்யும். ஆயினும் இடைப்பட்ட ஆண்டுகள் நாயின் வாழ்நாளில் எத்துணைப் பெரும் பகுதி! ஆற்றின் சுழியைக் கடக்கும்போது படகினைக் கைவிடும் ஓடக்காரனை நாம் அறிவுடையான் என்று கூறுவோமா?

இனி, அப்பருவத்தைக் கடத்துவது எங்ஙனம்? தலையாயது உணவினை அளந்திடல். இதனை மீண்டும் மீண்டும் வற்புறுத்தினும் மிகையாகாது. தளர்ந்த மூட்டின்மேல் ஏறும் ஒவ்வொரு கிலோவும் அதன் தேய்வை விரைவுபடுத்தும். அமெரிக்காவிற் பியூரினா நிறுவனத்தார் நாற்பத்தெட்டு லாப்ரடார் குட்டிகளை இருபத்துநான்கு இணைகளாகப் பிரித்து, ஒவ்வோர் இணையிலும் ஒன்றற்கு மற்றதனினும் கால்பங்கு குறைத்து உணவிட்டு, அவற்றின் வாழ்நாள் முழுவதும் கண்காணித்தனர். குறைத்துண்ட நாய்களிடத்து இடுப்புக் கேடு அருகியே தோன்றியது. தோன்றியவிடத்தும் வாதம் பிந்தியே வந்தது. 2002-ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, நிறைய உண்டவற்றின் இடைநிலை வாழ்நாள் 11.2 ஆண்டு, அளவாய் உண்டவற்றின் வாழ்நாள் 13 ஆண்டு. விலைகொடுத்து வாங்கும் மருந்து எதுவும் இதற்கு ஈடாக நான் கேள்விப்பட்டதில்லை. இம்மருந்திற்கு விலையும் இல்லை, செலவு குறைகின்றது.

ஆயின், நம் வீடுகளில் இதுவே செயற்கரிய செயல். எம் வீட்டு லாப்ரடார் பத்துத் திங்களில், மாடியில் வாழும் உறவினர் ஒருவரால் வைத்துக்கொள்ள இயலாமல் எம்மிடம் விடப்பட்டது. அப்போது அதன் எடை 34 கிலோ. திண்ணையின் இரண்டு படிகளை ஏறவும் அதனால் இயலவில்லை. மருத்துவர் கூறியவாறு ஆழாக்கு ஒன்றை உணவுப்பானையில் இட்டு, வேளைக்கு இத்துணை என்று சுவரில் எழுதி வைத்தோம். மூன்றாம் நாள் எம் பாட்டியார், "வாயில்லாச் சீவனைப் பட்டினி போடுறீங்களே, நல்லாயிருப்பீங்களா?" என்று கேட்டுத் தம் இலையிலிருந்து தயிர்ச்சோற்றை உருட்டி எடுத்தார். அவரிடம் அமெரிக்க ஆராய்ச்சி எடுபடுமோ? விலாவெலும்பு கையால் தடவும்போது எளிதில் எண்ணத்தக்கதாகவும், மேலிருந்து நோக்கும்போது இடை ஒடுங்கியும் இருத்தலே நாய்க்கு நலம் என்று அவர் கையைப் பற்றி நாயின் விலாவில் வைத்துக் காட்டியபின்னரே ஒருவாறு இசைந்தார். ஐந்து திங்களில் எடை 28 கிலோவாயிற்று. திண்ணைப் படியை அது ஏறிய அன்று முதல் ஆழாக்கு பாட்டியார் பொறுப்பிற்கு மாறியது. இப்போது எங்களுள் எவரேனும் ஒரு பிஸ்கோத்து மிகுதியாக இட்டாலும் அவர் பொறுப்பதில்லை.

குட்டியின் எலும்பு வலுப்பெறும் என்று சுண்ணச்சத்து மருந்தைப் புட்டி புட்டியாக ஊட்டுவோரும் உளர். பேருடல் இனத்துக் குட்டிகளுக்கு அளவிறந்த சுண்ணச்சத்து எலும்பின் வளர்ச்சியையே கெடுக்கும் என்பது ஆய்ந்து கண்ட உண்மை. மக்களுக்குரிய வலித்தைலத்தை இடுப்பிற் பூசுதலும் தகாது. நாய் அதனை நக்கும், அதிலுள்ள கற்பூரம் அதற்கு நஞ்சாகும். மக்கள் உண்ணும் ஐபுபுரூஃபன் போன்ற வலிமாத்திரைகள் நாயின் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தை அழிப்பன. நோவு தணிக்க நாய்க்கென்றே அமைந்த மருந்துகள் உள்ளன. அவற்றை மருத்துவர் அளந்து தருவர்.

உணவிற்கு அடுத்தது தரை. நம் முன்னோர் வீடுகளில் சாணமிட்டு மெழுகிய மண்தரை இருந்தது. இன்று டைல்ஸும் பளபளக்கும் கருங்கல்லும் பரப்புகின்றோம். அவற்றின்மேல் நிற்கும் இடுப்பு நலிந்த நாயின் பின்கால்கள் இருபுறமும் வழுக்கி அகலுதலைக் கண்டவர் அக்காட்சியை மறவார். நாய் நடக்கும் வழியில் பழைய கோணிகளையோ கயிற்றுப் பாய்களையோ விரித்துவிட்டால் போதும். நகங்களை வெட்டுதலும், அடிப்பாதத்தில் விரலிடை மயிரைக் கத்தரித்தலும் வழுக்கலைக் குறைக்கும். நார்வே நாட்டில் நான்கு இனத்து நாய்களை ஆராய்ந்து 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட செய்தியொன்று இவ்விடத்து நோக்கத்தக்கது: பிறந்து மூன்று திங்களுக்குள் நாள்தோறும் மாடிப்படி ஏறியிறங்கிய குட்டிகளுக்கு இந்நோய் மிகுந்தது, அப்பருவத்தில் மென்மையான நிலத்தில் தாமே ஓடியாடிய குட்டிகளுக்குக் குறைந்தது. எனவே குட்டியைக் கட்டிலின்கீழ்க் கட்டிப்போடுதல் பாதுகாப்பாகாது. நோய் வெளிப்பட்ட பின்னரும் தசை மெலியாதவாறு நாளில் மும்முறை நான்முறை சிறிது சிறிதாகப் புல்வெளியில் கயிற்றிற் பிடித்து நடத்தல் வேண்டும். பந்தெறிந்து தாவவிடுதல் மட்டும் ஆகாது. குளமோ கண்மாயோ அருகிலிருப்பின் நீந்துதல் சிறந்த பயிற்சி, மூட்டின்மேற் பாரம் ஏறாமல் தசை உரம்பெறுதலின். படித்துறை பாசி படிந்திருக்குமாதலால் சரிவான கரைவழியே இறக்குதல் நலம்.

மருத்துவரை நாடுதலில் காலந்தாழ்த்தல் ஆகாது. இத்தாலிய நாட்டுக் குழந்தை மருத்துவர் ஒர்த்தோலானி என்பார் பச்சிளங் குழந்தைகளின் இடுப்புத் தளர்ச்சியைக் கையாலேயே கண்டறியும் ஒரு சோதனையை 1937-ஆம் ஆண்டில் எழுதினார். அதுவே இன்று நாய்க்குட்டிகளுக்கும் பயன்படுகின்றது. பதினாறு கிழமைக் குட்டியிடத்தே தளர்ச்சியை எக்ஸ்ரேயால் அளக்கும் முறையும் உண்டு. இடுப்பெலும்பின் வளர்ச்சியை ஓரிடத்து நிறுத்திக் கிண்ணத்தைப் பந்தின்மேற் கவியச் செய்யும் எளிய அறுவை ஒன்று ஐந்து திங்கட்குள் செய்தாலன்றிப் பயன்தராது. அப்பருவம் கடந்தபின் தொடையெலும்பின் தலையை நீக்குதல், மூட்டையே செயற்கையாக மாற்றுதல் முதலிய பெரிய அறுவைகளே எஞ்சும். வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களிற் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன; தனி மருத்துவரிடம் பெருஞ்செலவு செய்ய இயலாதார் அவ்விடங்களை அணுகலாம்.

மக்கள் மருந்தின்றி வருந்தும் நாட்டில் நாயின் இடுப்பைப் பற்றி இத்துணை விரித்துரைத்தல் தகுமோ என்று நண்பர் சிலர் வினவினர். வினா நேரியதே. ஆனால் யான் மேலே கூறியவற்றுட் பெரும்பாலன குறைத்திடும் சோறும் பழங்கோணியும் புல்வெளி நடையுமே. இவற்றிற்கு ஏழையின் பங்கு எதுவும் பறிக்கப்படவில்லை. பல்லாயிரம் ரூபாய் கொடுத்து அயல்நாட்டு இனத்தை வாங்கும்போது எழாத இவ்வினா, அது நொண்டும்போது மட்டும் எழுதல்தான் எனக்கு விளங்கவில்லை. மருந்தும் அறுவையும் பயன்படாது இரவும் பகலும் நோவில் உழலும் நாயை மருத்துவர் அமைதியாக உறங்கச் செய்தல் தவறென்று யான் வாதிக்கவில்லை. அம்முடிவு பேணிப் பார்த்த பின்னர் வருவதாக என்பதே என் வேண்டுகோள்.

ஈண்டு நாய்க்குட்டி விற்போரைப் பற்றியும் ஒரு சொல். நொண்டும் பெண்நாயை, வாங்கிய விலையையேனும் மீட்கலாம் என்று குட்டி போடவிடும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. இக்குறை வழிவழி இறங்குவது. செவ்விதாக நடக்கும் தாய்தந்தையர்க்கும் இந்நோயுள்ள குட்டி பிறத்தல் உண்டு. ஆதலின் கண்ணால் நோக்குதல் மட்டும் போதாது. அமெரிக்காவில் 1966-ஆம் ஆண்டில் இதற்கெனவே ஓர் அமைப்பு நிறுவப்பட்டு, இரண்டு வயது நிரம்பிய நாய்களின் இடுப்பு எக்ஸ்ரேயை ஆராய்ந்து தரம் வகுத்துச் சான்று தருகின்றது. நம் நாட்டிலும் நாய் இனம்பெருக்கித் தொழில் செய்வோர் பதிவுபெறல் வேண்டுமென 2017-ஆம் ஆண்டில் விதிகள் வகுக்கப்பட்டன. ஆயினும் வாங்குவோர் கேளாதவரை விற்போர் எக்ஸ்ரே எடுக்கப்போவதில்லை. இக்கோடை விடுமுறையில் குட்டி வாங்கக் கருதும் நண்பர்கள், அதன் நிறத்தையும் தலையின் பருமையையும் வினவுமுன், தாயின் இடுப்பு எக்ஸ்ரேயையும் தந்தையின் எக்ஸ்ரேயையும் காட்டுமாறு கேட்பார்களாக. விற்பவர் நகைப்பின் வேறிடம் செல்லலாம். அவ்வாறன்றி முன்னரே வாங்கிவிட்டோர், குட்டிக்கு நான்கு திங்கள் நிரம்புமுன் ஒருமுறை மருத்துவர் கையில் அதன் இடுப்பை ஒப்படைத்துப் பார்த்துக்கொள்வார்களாக.