பல்லுக்கும் ஒரு டி.சி. கொடுங்கள்

ஊர் ஊராக மாற்றலாகிப் போகிற குடும்பங்களுக்கு மூட்டை கட்டுவது பழகிப்போன வேலை. கேஸுக்கு டிரான்ஸ்ஃபர் வவுச்சர், ஸ்கூலில் டி.சி., வண்டிக்கு ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. என்று ஒரு லிஸ்ட் எப்போதும் ரெடியாக இருக்கும். பொதுத்துறை வங்கி உத்தியோகத்தில் நான்கு மாநிலம் பார்த்தாச்சு. இதுவரை ஒரு குக்கர் மூடிகூடத் தொலைந்ததில்லை. ஆனால் 2025 மே மாதம் நாக்பூரிலிருந்து வதோதராவுக்கு வந்தபோது ஒன்றுக்கு மட்டும் காகிதம் வாங்காமல் வந்துவிட்டேன். என் மகளின் பற்களுக்கு.

கதை இதுதான். 2024 ஜனவரியில் அவளுக்கு கிளிப் போட்டோம். கொஞ்சம் எத்துப்பல், கீழே நெரிசல். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பல் கிளினிக். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு முன்கடைவாய்ப் பற்களைப் பிடுங்கி, அந்த இடத்தில் மற்ற பற்களை மெல்ல நகர்த்த வேண்டும், இரண்டு வருடம் ஆகும் என்றார்கள். மொத்தம் 60,000 ரூபாய். முன்பணமாக முழுசும் கட்டினால் 5,000 தள்ளுபடி. தள்ளுபடி என்றால் நம்மாட்கள் விடுவோமா? கட்டினேன்.

16 மாதம் மாதாமாதம் போய் வந்தாள். மாற்றல் ஆர்டர் வந்ததும் கிளினிக்கில் சொன்னேன். "அங்கே யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்றார் ரிசப்ஷனில் இருந்த பெண். மீதிப் பணம்? கிடையாது, பேக்கேஜ். எக்ஸ்ரே? ஃபைலில் இருக்கிறது, ஃபைல் கிளினிக்கின் சொத்து. சரி, கிளிப் போட்ட டாக்டரிடம் பேசலாமா என்றால், அவர் மாதம் இரண்டு நாள் வந்துபோகிற விசிட்டிங் டாக்டராம். ஜனவரியிலிருந்தே அவர் வருவதில்லை, வேறொருவர்தான் வருகிறாராம். அதுவரை எனக்கு இது தெரியாது. வீட்டில் இருந்த ரசீதுகளைப் புரட்டினால் ஒன்றில்கூட கிளிப் போட்டவரின் பெயர் இல்லை, பதிவு எண் இல்லை. கிளினிக்கின் பெயர், கீழே ஒரு கிறுக்கல், அவ்வளவுதான்.

தங்கமணி ஒரே வரியில் முடித்துவிட்டாள். "ஊரான் வீட்டுப் பத்திரத்தையெல்லாம் பேங்க்ல பூட்டிப் பத்திரமா வெச்சுக்கத் தெரியுது. பெத்த பொண்ணோட எக்ஸ்ரே யார்கிட்ட இருக்குன்னு தெரியல."

வதோதராவில் பார்த்த பல் சீரமைப்பு நிபுணர் நல்ல மனிதர். ஆனால் அரைகுறையாக நிற்கிற கேஸை எடுக்கத் தயங்கினார். முதலில் பணத்துக்குத்தான் அடி போடுகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்ன காரணம் வேறு. கிளிப் போட்டுப் பல்லை நகர்த்தும்போது சிலருக்கு வேரின் நுனி கரைந்து குட்டையாகும். பிரேஸ் ஒட்டிய இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்புச் சத்து போய் வெள்ளைத் திட்டு விழும். ஆரம்பத்தில் எடுத்த எக்ஸ்ரேயும் பிளாஸ்டர் அச்சும் இல்லாவிட்டால் எது முன்பே இருந்தது, எது தன் கையால் வந்தது என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? பல் முதலில் எங்கே இருந்தது, எதுவரை நகர்த்தத் திட்டம் என்பதும் தெரியாது. எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுத்து, பழைய கிளிப்பைக் கழற்றிப் புதிதாகப் போட 40,000 ஆகும் என்றார்.

அவர் பயம் நியாயமானது. அதனால்தான் என் கோபம் அவர்மேல் இல்லை.

வேர் கரையலாம் என்பதையே நான் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறேன். கிளிப்பைக் கழற்றிய பிறகும் வருடக்கணக்கில் ரிடெய்னர் மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும் என்பதும் புதுச்செய்தி. நாக்பூரில் கையெழுத்து வாங்கினார்கள், வாஸ்தவம். ஆனால் அது பணம் திரும்பக் கேட்கமாட்டேன் என்ற தாள். சமீரா கோலி வழக்கில் 2008லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சிகிச்சையின் தன்மை, ஆபத்து, மாற்று வழி இதெல்லாம் போதுமான அளவு தெரிந்து கொடுத்தால்தான் அது சம்மதம். குழந்தையின் ஆரோக்கியமான நான்கு பற்களைப் பிடுங்குவதற்கு முன் பெற்றவர்களிடம் ஐந்து நிமிஷம் பேச நேரமில்லையா?

இப்போது சட்டத்துக்கு வருவோம். "இந்தியாவில் இதுக்கெல்லாம் ரூல்ஸே கிடையாது சார்" என்று ஆபீஸில் ஆறுதல் சொன்னார்கள். தப்பு. ரூல்ஸ் இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை.

1948ன் டென்டிஸ்ட்ஸ் ஆக்ட்டின் கீழ் டென்டல் கவுன்சில் ஆஃப் இந்தியா 2014ல் ஒரு திருத்திய ஒழுக்க விதித் தொகுப்பு வெளியிட்டது. நோயாளியோ அவர் சார்பில் வருபவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். பதிவு எண்ணை கிளினிக்கிலும், சீட்டிலும், ரசீதிலும் போட வேண்டும். ஒரு கேஸைக் கையில் எடுத்தபின் முன்னறிவிப்பு இல்லாமல் கைவிடக்கூடாது. எம்.டி.எஸ். மாதிரி தனிப்படிப்பு இல்லாதவர் தன்னை நிபுணர் என்று சொல்லிக்கொள்ளக்கூடாது. என் கேஸில் இதில் எத்தனை மீறப்பட்டது என்று விரல் விட்டு எண்ணுங்கள்.

கடைசியாகச் சொன்னதில் ஒரு நுணுக்கம் உண்டு. பி.டி.எஸ். படித்தவர் கிளிப் போடுவதைச் சட்டம் தடுக்கவில்லை. நிபுணர் என்று போர்டு மாட்டுவதைத்தான் விதி தடுக்கிறது. ஆகவே "உங்க படிப்பு என்ன டாக்டர்?" என்று கேட்பது மரியாதைக் குறைவே இல்லை. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை படிப்பை மூன்று பேரிடம் விசாரிக்கிற நாம், குழந்தையின் தாடை விஷயத்தில் மட்டும் ஏன் கூச்சப்படுகிறோம்?

அதே 2014 விதியில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. ஆவணங்களைக் குறைந்தது 3 வருடம் வைத்திருக்க வேண்டும், சிகிச்சை தொடங்கிய தேதியிலிருந்து. காய்ச்சலுக்கும் பல் அடைப்பதற்கும் அது சரி. கிளிப்புக்கு? சிகிச்சையே இரண்டு, இரண்டரை வருடம். அதற்குப் பிறகு ரிடெய்னர் காலம். என் மகளின் கணக்கில் 2027 ஜனவரியோடு அந்த 3 வருடம் முடிகிறது. பல் திரும்பக் கோணலாக ஆரம்பிக்கிற நேரத்தில் எக்ஸ்ரேயைக் குப்பையில் போட விதியே அனுமதி கொடுக்கிறது!

என் தொழிலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். வீட்டுக்கடன் அடைத்தவருக்கு 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், எங்கள் தவறால் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் உத்தரவு போட்டது. அந்த டிசம்பரிலிருந்து அமல். அன்றைக்கு எங்கள் கிளையில் எல்லோரும் முணுமுணுத்தோம், நான் உட்பட. ஆனால் அதற்குப் பிறகு பத்திரம் எப்படிப் பறந்துபோய்க் கஸ்டமர் கைக்குச் சேர்ந்தது என்று கண்ணால் பார்த்தேன். கதவு ஜன்னலுக்கு இருக்கிற பாதுகாப்பு பல்லுக்கு ஏன் இல்லை? 72 மணி நேரம் என்று எழுதியவர்கள், 73வது மணி நேரத்தில் என்ன ஆகும் என்று எழுதவில்லை. மாநில டென்டல் கவுன்சிலில் புகார் செய்யலாம், அவர்கள் டாக்டரின் நடத்தையை விசாரிக்கலாம். ஆனால் உங்கள் நஷ்டத்துக்குக் காசு வாங்கித் தருவது அவர்கள் வேலை இல்லை.

அதற்குத்தான் நுகர்வோர் ஆணையம். மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்தில் அடங்கும் என்று 1995ல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2019ன் புதிய சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தபோது, நம்மைப் போல் ஊர் மாறுகிறவர்களுக்கு ஒரு பெரிய வரம் கொடுத்தது. 34வது பிரிவின்படி, நாம் இப்போது குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற ஊரிலேயே புகார் கொடுக்கலாம். நாக்பூர் விவகாரத்துக்கு நாக்பூருக்கு லீவு போட்டு ஓட வேண்டாம். ஆன்லைனில் கொடுக்கலாம், கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது, வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், அது மட்டும் முக்கியம்.

"டாக்டர்களைக் கோர்ட்டுக்கு இழுத்து இழுத்தே பயமுறுத்திவிட்டீர்கள்" என்று டாக்டர் நண்பர் ஒருவர் கோபித்துக்கொண்டார். அவர் பக்கமும் நியாயம் உண்டு. பல் நினைத்தபடி வராததெல்லாம் அலட்சியம் ஆகாது. 2005ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது. என் மகளின் சிகிச்சை தப்பு என்று நானும் சொல்லவில்லை. சொல்ல எனக்குப் படிப்பும் இல்லை, ஆவணமும் இல்லை. நான் சொல்வது வேறு. தெரியவேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைத்தால் அதுவே சேவைக் குறைபாடு என்று 2019 சட்டத்தின் விளக்கப் பகுதியிலேயே இருக்கிறது. எக்ஸ்ரே நகலும், டாக்டர் பெயரும் தராமல் இருப்பதற்கு எந்த மருத்துவக் காரணம் இருக்க முடியும்? நேர்மையாகக் குறிப்பு எழுதி வைக்கிற டாக்டருக்கு அந்த ஃபைல்தான் கேடயம். ஃபைலைப் பார்த்துப் பயப்பட வேண்டியவர் வேறு ஆள்.

அடுத்தது, "கிளினிக்கே வேண்டாம், அலைனர் வீட்டுக்கே வரும்" என்கிற விளம்பரங்கள். கூடவே இ.எம்.ஐ. கம்பிக்குப் பதில் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் உறை, நல்ல தொழில்நுட்பம்தான். 2020 ஏப்ரலிலிருந்து மருத்துவ சாதனங்கள் எல்லாமே மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. ஆனால் அது உறையின் தரத்தைப் பார்க்கும், உங்கள் பல்லை யார் பார்க்கிறார் என்று பார்க்காது. அமெரிக்காவில் ஸ்மைல்டைரக்ட்கிளப் 2023 செப்டம்பரில் திவால் மனு கொடுத்து டிசம்பரில் கடையைச் சாத்தியது. சிகிச்சை பாதியில் நின்றது, ஆனால் தவணை கட்டுகிறவர்கள் தொடர்ந்து கட்ட வேண்டும் என்றார்கள். கடன் கொடுக்கிற தொழிலில் இருப்பவன் சொல்கிறேன்: கிளினிக் மூடினாலும் இ.எம்.ஐ. மூடாது. பிரிட்டனில் 1974லேயே ஒரு சட்டம் போட்டு, கிரெடிட் கார்டில் வாங்கிய சேவை ஏமாற்றினால் கடன் கொடுத்தவனும் பொறுப்பு என்று வைத்திருக்கிறார்கள். இங்கேயும் அப்படி ஒன்று வந்தால் எங்கள் வங்கிக்காரர்கள் என்னைத் திட்டுவார்கள். பரவாயில்லை.

1948 சட்டத்தின் இடத்துக்கு நேஷனல் டென்டல் கமிஷன் சட்டத்தை நாடாளுமன்றம் 2023ல் நிறைவேற்றியது. புதிய ஒழுக்க விதி எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது நான்குதான். ஒன்று, கிளிப் கேஸில் ஆவணக் காலத்தை சிகிச்சை முடிந்த தேதியிலிருந்து எண்ணுங்கள். இரண்டு, 72 மணி நேரம் தாண்டினால் நாளுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை வையுங்கள். மூன்று, கட்டணத்தைக் கட்டம் கட்டமாகப் பிரியுங்கள். செய்த வேலைக்குப் பணம், செய்யாததற்குத் திருப்பம். நான்கு, ஊர் மாறுகிற நோயாளிக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் படிவம் கட்டாயமாக்குங்கள். அமெரிக்க ஆர்த்தோடான்டிஸ்ட் சங்கம் இதற்கென்றே படிவம் வைத்திருக்கிறது. ஒரே பக்கத் தாள் நமக்கு முடியாதா?

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். முழுப்பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். கிளிப் போடுகிறவரின் பெயரும் பதிவு எண்ணும் ரசீதில் இருக்கட்டும். முதல் நாள் எடுத்த எக்ஸ்ரே, போட்டோ, அச்சு எல்லாவற்றின் நகலும் அன்றைக்கே உங்கள் ஃபோனில் ஏறட்டும். வாடகை வீட்டை ஒப்படைக்கும்போது சுவரைப் போட்டோ எடுக்கிறோமே, அது மாதிரி.

என் கதை முடியவில்லை. 2025 ஆகஸ்டில் அந்த 2014 விதியைக் குறிப்பிட்டு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பினேன். மூன்று மாதம் "பார்க்கிறோம்" என்றவர்கள், பதினோராவது நாள் ஒரு கவர் அனுப்பினார்கள். உள்ளே இரண்டு எக்ஸ்ரே. அச்சு உடைந்துவிட்டதாம், சிகிச்சைக் குறிப்பு பற்றிப் பேச்சே இல்லை. அந்த இரண்டை வைத்துத்தான் வதோதரா டாக்டர் பழைய கிளிப்பிலேயே வேலையைத் தொடர முடிந்தது, புதிதாகப் போடுகிற செலவு மிச்சம். பாக்கிக்கு ஆணையத்தில் புகார் தயார் செய்துகொண்டிருக்கிறேன். பணம் வந்தால் வரட்டும். அந்தப் பெயர் இல்லாத ரசீதுக்கு அவர்கள் ஒரு தடவையாவது எழுத்தில் பதில் சொல்ல வேண்டும்.

பெண் இப்போது ஒன்பதாவது. ஸ்கூல் குரூப் போட்டோவில் வாயை இறுக்க மூடிக்கொண்டு நிற்கிறாள். "இன்னும் எத்தனை மாசம்ப்பா?" என்றாள். "எட்டு மாசம்னு டாக்டர் சொல்றார்டா" என்றேன். "அதுக்குள்ள உனக்கு டிரான்ஸ்ஃபர் வராதே?" என்று கேட்டாள்.

பி.கு: உங்களில் யாராவது பாதிச் சிகிச்சையில் ஊர் மாறியிருந்தால், ஃபைலை எப்படி வாங்கினீர்கள் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். கிளினிக் பெயர் வேண்டாம், வழியை மட்டும் சொல்லுங்கள். அடுத்த மே மாதம் மூட்டை கட்டப் போகிறவருக்கு உதவும்.