பகைவனுக்கும் நியாயம்

பகைவரையும் நேசிக்கும்படி மலைப் பிரசங்கத்தில் இயேசுநாதர் உபதேசித்தார். இது கேட்க இனிது, நடைமுறைக்கு உதவாது என்போர் தேசத் தொண்டரிடையேயும் உளர். அவர்கள் நமது விருதுநகர்ச் சீமையின் சரித்திரத்தைச் சற்று நோக்குவார்களாக.

1899-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் தேதி மறவர் பெருங்கூட்டமொன்று சிவகாசியில் புகுந்து நாடார்களின் வீடுகளைத் தீக்கிரையாக்கிற்று. குற்றம் புரிந்தோரை நீதிமன்றம் தண்டித்தது, அது முறையே. ஆனால், பின்னர் பிரிட்டிஷ் சர்க்கார் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டு கள்ளரையும் மறவரையும் பிறப்பினாலேயே குற்றவாளிகளாக்கிற்று. அந்த அநீதியை எதிர்த்து அவர்களுக்காக வழக்காடியவர், மதுரை பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் என்னும் கிறிஸ்தவர். 1933-இல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில், நாடார் குலத்தில் பிறந்த காமராஜர் மீது பொய்க் குற்றம் சுமத்தப்பட்டபோது, டாக்டர் வரதராஜுலு நாயுடுவுடன் நின்று வாதாடியவரும் அவரே. பகைத்து நின்ற இரு சாராருக்கும் ஒருவரே நியாயம் பேசினார்.

பகைவரை நேசித்தலாவது குற்றத்தை மறைத்தல் அன்று. பாட்டன் செய்த குற்றத்துக்காகப் பேரனை வெறாதிருத்தலே. 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலால் சிவகாசி தழைத்தது. இன்று அங்கே பல சாதியாரும் ஒரே கூரையின்கீழ் உழைக்கின்றனர். அவர்தம் பிள்ளைகளிடம் பழம்பகையை ஓதுவோர் தேசத்துக்குத் தீங்கிழைப்பவரே. ஆயினும் அவரையும் வெறாது திருத்துவதே நம் கடமை.