கட்டின காசுக்காக ஆத்துல இறங்காதீங்க

நாமக்கல்ல வேலை பார்க்கிற ஒரு நண்பர் கேட்டிருந்தார்: "ஜூலை கடைசியில நாங்க 4 பேர் கோழிக்கோடு பக்கம் கயாக்கிங் போறோம். இப்பவே முழுப் பணமும் கட்டினா ஆளுக்கு 1,500 ரூபாய் கம்மி. ஆனா ரீஃபண்ட் கிடையாது. எடுக்கலாமா?"

வேண்டாம். சலுகை சின்னதா இருக்கேன்னு சொல்லலை. 5,000 ரூபாய் கம்மின்னாலும் இதையேதான் சொல்வேன்.

சேலம், நாமக்கல் சமவெளியில பாறைக்கு நடுவுல நுரைச்சு ஓடுற ஆறு நமக்குக் கிடையாது. திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில நல்லாத்தான் பிறக்குது. சேலத்தைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கிட்டுதான் கரையில நிற்கணும். அதனால நம்ம பசங்க தேடிப் போறது கோழிக்கோடு மாவட்டம் கோடஞ்சேரி. சாலிப்புழா, இருவஞ்ஞிப்புழான்னு ரெண்டு சின்ன ஆறு, மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்குது. 2013ல ஆரம்பிச்ச மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் நடக்கிற இடம் இதுதான். சேலத்துல மங்களூர் மெயில் ஏறினா நேரா கோழிக்கோடு. பயணத்துல பெரிய சிக்கல் இல்லை.

சிக்கல் தண்ணில இருக்கு. சின்ன ஆறுன்னா மழைத்தண்ணி வந்து சேர்ற பரப்பும் சின்னது. மேல மலையில கொட்டினா சில மணி நேரத்துல ஆறு ஏறிடும். மழை விட்டா அதே வேகத்துல வடிஞ்சிடும். நீங்க நிற்கிற இடத்துல வெயில் அடிக்கும், ஆனா தண்ணி கலங்கலா மாறிட்டு இருக்கும். ஒகேனக்கல் போய், நீர்வரத்து கூடினதால பரிசலுக்குத் தடைன்னு திரும்பி வந்தவங்க நம்மள்ல நிறைய பேர். அங்கயாவது கலெக்டர் சொல்லிடுவார், நமக்கு வேற வழியில்லை. சின்ன ஆத்துல பல நேரம் முடிவு நம்ம கையிலதான்.

அந்த முடிவை எடுக்கிற நேரத்துல 4 பேரோட 24,000 ரூபாய் ஏற்கெனவே போயிருந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. லீவும் போட்டாச்சு. "இவ்வளவு தூரம் வந்துட்டோம்டா"ன்னு ஒருத்தன் ஆரம்பிப்பான். நஷ்டத்துல இருக்கிற பங்கை விக்க மனசு வராம இன்னும் கொஞ்சம் வாங்கிப் போடுற அதே புத்திதான் இது. பங்குல போறது பணம் மட்டும்.

அதனால நான் போடச் சொல்ற பட்ஜெட்ல "போகாம திரும்புற செலவு"ன்னு தனியா ஒரு வரி இருக்கணும். ஆளுக்கு 9,000 ஆகும்னா 12,000 சேருங்க. நவம்பர்ல மாசம் 1,500 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி. போட்டா ஜூன்ல கையில இருக்கும். கிரெடிட் கார்டு இ.எம்.ஐ.ல போற டூருக்கு நான் எப்பவுமே எதிரி, அது உங்களுக்குத் தெரியும். அடுத்தடுத்த ரெண்டு வார இறுதிக்குச் சேர்த்து சி.எல். பேசி வைங்க. வியாழக்கிழமை சாயங்காலம் வானிலை மையத்தோட கோழிக்கோடு மாவட்ட எச்சரிக்கையைப் பாருங்க. ஆரஞ்சுன்னா 24 மணி நேரத்துல சுமார் 12 முதல் 20 செ.மீ. மழை, ரெட்னா அதுக்கும் மேல. ரெண்டுல எது இருந்தாலும் டிக்கெட்டை ரத்து பண்ணிட்டு அடுத்த வாரம் பாருங்க.

ஏற்பாடு பண்றவர்கிட்ட வாட்ஸ்அப்ல எழுத்துல வாங்க வேண்டியது: தண்ணி சரியில்லைன்னு அவர் நிறுத்தினா எவ்வளவு திரும்ப வரும், நாம நிறுத்தினா எவ்வளவு, தேதி மாத்தலாமா. மூணுல ஒரு பங்குக்கு மேல முன்பணம் கேட்டா வேற ஆளைப் பாருங்க. எந்த கிரேடு ஆறுன்னும் கேளுங்க. உலகம் முழுக்க 1லிருந்து 6 வரைக்கும் அளவு வச்சிருக்காங்க. முதல் தடவை போறவங்களுக்கு 1, இல்லைன்னா 2. வீடியோல பார்த்து ஆசைப்படுற போட்டி நடக்கிற பகுதி நமக்கானது இல்லை.

இன்சூரன்ஸ் பத்தி ஒரு தப்பான நம்பிக்கை சுத்திட்டு இருக்கு: "சாகச விளையாட்டுன்னா மெடிக்ளைம் வராது." ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019ல ஒரே மாதிரியாக்கின விலக்குப் பட்டியல்ல எக்ஸ்கிளூஷன் 09ஐப் படிங்க. ராஃப்டிங் பேர் அதுல இருக்கு, உண்மைதான். ஆனா தொழில்முறையா பங்கேற்கிறவங்களுக்குத்தான் விலக்கு. ஒரு நாள் ஆசைக்குப் போற நீங்க அதுல வரமாட்டீங்க. தனிநபர் விபத்து பாலிசி வேற கதை. பல பாலிசியில சாகச விளையாட்டையே மொத்தமா ஒதுக்கியிருப்பாங்க. ஆபீஸ் குரூப் பாலிசியோட வாசகமும் மாறலாம். எச்.ஆர்.கிட்ட வாய்ல கேட்காம, கம்பெனிக்கு மெயில் போட்டுப் பதில் வாங்கிக்கோங்க.

கடைசியா அந்த 4 பேர்ல யாருக்காவது நீச்சல் தெரியலைன்னா, லைஃப் ஜாக்கெட் இருக்கேன்னு இந்த ஜூலைக்கே கிளம்ப வேண்டாம். ஊர்லயே ஒரு நீச்சல் குளத்துல 3 மாசம் கட்டணம் கட்டிக் கத்துக்கட்டும். பயணத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுங்க, ஆர்.டி. ஓடட்டும்.