விலை கம்மிதான், யாருக்குக் கம்மி?

அமெரிக்காவிலேயே வாழ்வதற்கு ஆக மட்டமான இடம் எது? ஆளாளுக்கு ஒரு பதில் வெச்சிருப்பீங்க. அமெரிக்க விவசாயத் துறையோட ஒரு பழைய கணக்குப்படி பதில் ஒண்ணுதான். மின்னசோட்டா மாநிலத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் ரெட் லேக் கவுண்டி.

கவுண்டி என்பதை மாவட்டம்னு வெச்சுக்குங்க. ஆனா நம்ம ஊர் மாவட்டம் மாதிரி நினைச்சுடாதீங்க. 2020 சென்சஸ்படி மொத்த ஜனத்தொகையே 3,935 பேர். நம்ம பக்கம் ஒரு சுமாரான இஞ்சினியரிங் காலேஜ்லயே இதைவிட ஜாஸ்தி பேர் படிப்பாங்க.

கதை இப்படி. 1999ல் விவசாயத் துறையின் பொருளாதார ஆராய்ச்சிப் பிரிவு ஒரு குறியீடு வெளியிட்டது. ஜனவரி குளிர், ஜனவரி வெயில், ஜூலை வெக்கை, ஜூலை ஈரப்பதம், நிலத்தின் மேடுபள்ளம், தண்ணீர்ப் பரப்பு என்று ஆறே விஷயம். அதை வைத்து 3,111 கவுண்டிகளுக்கு மார்க். முதல் ரேங்க் கலிஃபோர்னியாவின் வென்ச்சுரா. கடைசி ரேங்க் நம்ம ரெட் லேக். (இதே கணக்கில் சென்னையைப் போட்டால் ஜனவரியில் சென்டம், ஜூலை ஈரப்பதத்தில் அரியர் :-))

2015ல் வாஷிங்டன் போஸ்ட் நிருபர் கிறிஸ்டபர் இங்ரஹாம் இதைத் தோண்டியெடுத்து எழுதினார். அந்த ஊர்க்காரங்க கொந்தளிச்சுட்டாங்க. அமெரிக்க கிராமத்துக் கொந்தளிப்பு எப்படின்னா, "நேர்ல வந்து பாருங்க சார்"னு அழைப்பு விடுறது. அவரும் போனார், பார்த்தார், பிடிச்சுப் போச்சு. அடுத்த வருஷமே மனைவி, இரட்டைக் குழந்தைகளோட மேரிலாந்தை விட்டு அங்கேயே குடிபோயிட்டார். அதுவரைக்கும் ஆபீஸ் போய்வரவே வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் செலவு பண்ணிட்டு இருந்த மனுஷன். வீட்டில் இருந்தே பொட்டி தட்ட ஆபீஸ் சம்மதிச்சது, பெரிய வீடு கிடைச்சது, பிள்ளைகளோட நேரம் கிடைச்சது. 2019ல் இந்த அனுபவத்தைப் புத்தகமாவும் எழுதினார்.

அருமையான கதைதான். எனக்குப் பிரச்சினை கதையில் இல்லை. அதிலிருந்து நம்ம மக்கள் எடுத்துக்கிற பாடத்தில்தான்.

எங்க ஆபீஸ் மதியச் சாப்பாட்டு மேஜையில் கொஞ்ச நாளா இதே பேச்சு. "மச்சி, மினியாபொலிஸ் புறநகர்ல குடுக்கிற விலையில பாதிகூட இல்லடா. நாலு பேர் சேர்ந்தா ரெண்டு வீடு வாங்கிப் போடலாம். வாடகைக்கு விட்டா அதுபாட்டுக்கு ஓடும்." வாங்கிப் போடுறது. இந்த வார்த்தைக்கு இங்கிலீஷில் சரியான மொழிபெயர்ப்பே கிடையாது. வாழப் போறதில்லை, விக்கப் போறதும் இல்லை, சும்மா வாங்கி... போடுறது. செங்கல்பட்டுக்கு அந்தாண்டை பொட்டல்காட்டில் ஆரம்பிச்ச வியாதி, இப்போ கனடா எல்லை வரைக்கும் வந்தாச்சு.

என்னையும் ஒரு பங்குக்குக் கூப்பிட்டாங்க. எங்களுக்கும் அடுத்த வருஷம் வீட்டில் ஆள் கூடப்போகுது, வாடகை ஏறிக்கிட்டே போகுது, ஆசை இல்லாம இல்லை. அதனால போன அக்டோபரில் ஒரு வாரக்கடைசி நானும் தங்கமணியும் காரை எடுத்துக்கிட்டு கிளம்பினோம். அஞ்சு மணி நேரம். கடைசி ஒரு மணி நேரம் ரோடு ஸ்கேல் வெச்சு கோடு போட்ட மாதிரி போகுது. பல்லாயிரம் வருஷம் முன்னாடி அகாசிஸ்னு ஒரு பிரம்மாண்டமான பனியுகக் ஏரி இருந்து வத்திப்போன தரை அது. வண்டலும் களியுமா கரேல்னு மண்ணு. அக்டோபர் அங்கே சர்க்கரைக் கிழங்கு, அதாங்க ஷுகர் பீட், அறுவடை சீசன். ராத்திரி பகல்னு பார்க்காம லாரி ஓடுது. ரோட்டோரம் கிழங்கு மலை மலையாக் குவிஞ்சு கிடக்குது.

கவுண்டியின் தலைநகர் ரெட் லேக் ஃபால்ஸ். ரெட் லேக் ஆறும் க்ளியர்வாட்டர் ஆறும் சேருகிற இடம். உண்மையைச் சொல்லணும்னா ஊர் அழகா இருக்கு. கடைசி ரேங்க் குடுத்த ஆளுங்க ஒரு தடவை வந்து பார்த்திருக்கலாம்.

ஒரு சின்ன ஹோட்டலில் காபி குடிக்கும்போது பரிமாறின அம்மாவோட பேச்சுக் குடுத்தோம். காலையில் ஸ்கூல் பஸ் ஓட்டுறாங்களாம், மத்த நேரம் இங்கே. பொண்ணு ஃபார்கோவில் இருக்கா, திரும்பி வர ஆசைதான், ஆனா வாடகைக்கு ஒரு வீடு கிடைக்கலை, குழந்தையைப் பார்த்துக்க டேகேரிலும் இடம் இல்லைன்னாங்க. எனக்குச் சுருக்குன்னுச்சு. வீடு விலை மலிவுன்னுதானே நாங்க இவ்வளவு தூரம் வந்தோம்? மலிவான ஊரில் வீடு இல்லைன்னா என்ன அர்த்தம்?

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசிச்சதில் எனக்குப் புரிஞ்சது இதுதான். விலை கம்மி என்பது ஊரோட குணம் இல்லை. அது வாங்குறவன் பாக்கெட்டுக்கும் விலைக்கும் நடுவில் இருக்கிற உறவு.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஒன்றரை லட்சம் டாலருக்கு ஒரு வீடுன்னு வைப்போம். நகரத்தில் வருஷம் ஒரு லட்சத்து இருபதாயிரம் வாங்குற பொட்டிதட்டிக்கு அது ஒன்றே கால் வருஷச் சம்பளம். மின்னசோட்டாவில் 2025ல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.13 டாலர். வருஷம் முழுக்க வாரம் 40 மணி நேரம் உழைத்தால் சுமார் 23,150. அந்தக் கூலிக்காரருக்கு அதே வீடு ஆறரை வருஷச் சம்பளம். ஒரே வீடு, ஒரே தெரு. எனக்கு மலிவு, காபி குடுத்த அம்மாவுக்குக் கிட்டத்தட்ட எட்டாக்கனி. இங்ரஹாமுக்கு அந்த ஊர் கட்டுப்படியானதுக்குக் காரணம் ஊர் மட்டும் இல்லை, வாஷிங்டன் சம்பளத்தை மூட்டை கட்டி எடுத்துட்டுப் போனதுதான்.

சரி, விலை ஏன் கம்மியா இருக்கு? 1920ல் இந்த கவுண்டியில் 7,000 பேருக்கு மேலே இருந்தாங்க. நூறு வருஷத்தில் கிட்டத்தட்ட பாதியாகிப் போச்சு. முன்னே பத்துக் குடும்பம் உழுத நிலத்தை இப்போ ரெண்டு டிராக்டர் உழுதுடுது. பிள்ளைங்க படிக்கப் போனாங்க, திரும்பலை. இதை எல்லாம் நான் அவங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, நானே அப்படி ஊரைவிட்டு வந்தவன்தான். அந்த மலிவு விலை என்பது, போனவங்க விட்டுட்டுப் போன இடைவெளிக்கு ஒட்டின விலைச்சீட்டு.

அப்போ புது வீடு கட்ட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். சிமெண்ட், மரம், பிளம்பர் கூலி எல்லாம் நகரத்தை விட அப்படியொண்ணும் குறைஞ்சிடாது. கட்டி முடிச்சதும் அக்கம்பக்கத்துப் பழைய வீடுகளை வைத்து மதிப்புப் போடுவாங்க. கட்டின செலவை விட மதிப்பு கம்மியா வரும். கம்மியான மதிப்புக்கு மேலே பேங்க் கடன் தராது. அதனால யாரும் கட்டுறதில்லை. இருக்கிற பழைய வீடுதான் சொத்து. அதில் ரெண்டை நாங்க நாலு பேர் வாங்கிப் போட்டால்?

வீடு இல்லாத சிக்கல் வேலை இல்லாததால வந்ததுன்னும் சொல்ல முடியாது. அரைமணி நேரத் தொலைவில், பக்கத்து கவுண்டியில் இருக்கிற தீஃப் ரிவர் ஃபால்ஸ்தான் டிஜி-கீ கம்பெனியின் தலைமையகம். ஈசிஈ படிச்சவங்களுக்குச் சொல்லவே வேண்டாம், உலகத்துக்கே ரெசிஸ்டரும் ஐசியும் பார்சல் கட்டி அனுப்புற ஆளுங்க. 1972ல் ரொனால்ட் ஸ்டோர்டால் ஆரம்பிச்சது. ஹாம் ரேடியோக்காரங்களுக்கு விற்ற ஒரு கிட்டில் இருந்துதான் அந்தப் பேரே வந்தது. 2022ல் 22 லட்சம் சதுர அடியில் புதுக் கிடங்கு திறந்தாங்க. ஒன்பதாயிரம் பேர்கூட இல்லாத ஊரில் ஆயிரக்கணக்கானவங்களுக்கு வேலை!

இனி விலைச்சீட்டில் வராத செலவுகள். ஆளுக்கு ஒரு கார் இல்லாம அங்கே வாழ முடியாது. ஜனவரியில் மைனஸ் 30 செல்சியஸ் எல்லாம் செய்தியே கிடையாது, அதனால ஹீட்டிங் பில். பெரிய ஆஸ்பத்திரின்னா தீஃப் ரிவர் ஃபால்ஸ், க்ரூக்ஸ்டன், அதையும் தாண்டினால் மாநிலம் விட்டு மாநிலம் கிராண்ட் ஃபோர்க்ஸ். பனிப்புயலில் பிரசவ வலின்னா? தங்கமணி கேட்ட முதல் கேள்வி இதுதான். என்கிட்ட பதில் இல்லை.

எச்1பி ஆசாமிகளுக்கு இன்னொண்ணு. லேப்டாப்பைத் தூக்கிட்டு எங்கே வேணா போகலாம்னு நினைச்சுடாதீங்க. விசா மனு வேலை செய்யுற இடத்தோட கட்டிப்போட்டது. 2015ல் வந்த சிமெயோ தீர்ப்புக்கு அப்புறம், அந்த நகர வட்டாரத்தை விட்டு வெளியே போய் வேலை பார்க்கணும்னா கம்பெனி முதலில் திருத்திய மனு போடணும். அதோட வேலை போச்சுன்னா அதிகபட்சம் 60 நாளில் வேற வேலை தேடணும். நகரத்தில் நாற்பது கம்பெனி கதவைத் தட்டலாம். கிராமத்தில்? நாம நகரத்தில் குடுக்கிற வாடகையில் ஒரு பகுதி உண்மையில் இன்சூரன்ஸ் பிரீமியம்தான்னு எனக்கு இப்போதான் உறைக்குது.

நம்மாளுங்க இதுமாதிரி ஊர்களுக்குப் போனதே இல்லையான்னு கேட்டால், போயிருக்காங்க. டாக்டர்கள். 1994ல் வந்த கான்ராட் திட்டத்தில், ஜே1 விசாவில் பயிற்சி முடிச்ச டாக்டர் மூணு வருஷம் டாக்டர் பஞ்சமுள்ள ஊரில் வேலை பார்த்தால், தாய்நாடு திரும்ப வேண்டிய நிபந்தனை தள்ளுபடி. அவங்க ஊருக்கு ஒண்ணு குடுத்தாங்க, ஊரில் இருந்து ஒண்ணு எடுத்துக்கிட்டாங்க. நேர்மையான பேரம். வாங்கிப் போடுறதில் ஊருக்கு என்ன கிடைக்குது? மினியாபொலிஸ் அக்கவுண்டுக்கு மாசாமாசம் போய்ச்சேருகிற வாடகை.

அந்த வட்டாரத்தில் வாழ்க்கை நல்லா இருக்குன்னா அது விலை மலிவால வந்தது இல்லைங்கிறதையும் சொல்லணும். 1930கள் வரைக்கும் அமெரிக்க விவசாய வீடுகளில் பத்தில் ஒண்ணுக்குத்தான் கரண்ட். கம்பம் நட்டால் லாபம் வராதுன்னு தனியார் கம்பெனிங்க ஒதுங்கினாங்க. 1935ல் ரூஸ்வெல்ட் அரசு கிராம மின்சாரத்துக்குன்னு அமைப்பு தொடங்கிக் கடன் குடுத்தது, விவசாயிகள் கூட்டுறவு அமைச்சுக் கம்பம் நட்டாங்க. 1973ல் பீட் விவசாயிகளே சேர்ந்து அமெரிக்கன் கிரிஸ்டல் ஷுகர் கம்பெனியை விலைக்கு வாங்கினாங்க. இன்னைக்கும் அது அவங்களுதுதான். பெமிட்ஜி பக்கம் பால் பன்யன்னு ஒரு கூட்டுறவு, காட்டுக்குள்ள இருக்கிற வீட்டுக்கும் ஃபைபர் இழுத்திருக்கு. இங்ரஹாம் மாதிரி ஆளுங்க கிராமத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க முடியுதுன்னா அதுக்குப் பின்னாடி இப்படித் தொண்ணூறு வருஷ உழைப்பு இருக்கு.

அதனால என் கட்சி இதுதான். அங்கே குடிபோக நினைக்கிறவங்க தாராளமாப் போங்க. பிள்ளையை அந்த ஸ்கூலில் சேருங்க, அங்கேயே வரி கட்டுங்க, பனி அள்ளுங்க, பக்கத்து வீட்டுக்காரர் கார் பள்ளத்தில் இறங்கினால் தள்ளிவிடுங்க. குறைஞ்சுக்கிட்டே வர்ற ஊருக்கு ஒரு குடும்பம் கூடுறது பெரிய விஷயம். ஆனா அஞ்சு மணி நேரத் தொலைவில் உட்கார்ந்துக்கிட்டு வாங்கிப் போடாதீங்க. நண்பர்கள்கிட்ட என் பங்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். "நீ வாங்கலைன்னா இன்னொருத்தன் வாங்குவான்"னாங்க. வாங்கட்டும். அந்த அம்மாவோட பொண்ணுக்குப் போட்டியா நான் நிக்கலை, அவ்வளவுதான்.

இனிமே "மலிவான பத்து கவுண்டிகள்"னு யாராவது பட்டியல் அனுப்பினால் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: அந்த ஊர் ஸ்கூல் பஸ் டிரைவர், அந்த ஊர்ச் சம்பளத்தில், அந்த ஊரில் வீடு வாங்க முடியுமா? முடியும்னா அது மலிவான ஊர். முடியாதுன்னா அது நமக்கு மட்டும் தள்ளுபடி.

டிஸ்கி: "நீ ஏன் அங்கே குடிபோகலை"ன்னு கேட்கப்போற நண்பர்களுக்கு: ஆஸ்பத்திரிக் கேள்விக்குப் பதில் தெரியாம தங்கமணிகிட்ட அந்தப் பேச்சை எடுக்க எனக்குத் தைரியம் இல்லை :-)