வழி காட்டுவதும் வழி உண்டாக்குவதும்

சர்வகலாசாலை மாணவர்கள் கைபேசியில் ஒரு செயலியை வைத்துக்கொண்டு, எந்தக் கட்டிடத்தில் எந்த அறை இருக்கிறது, அதற்கு எந்தப் பக்கமாய்ப் போவது என்று பார்த்து நடக்கிறார்கள் என்பதைக் கேட்டுச் சிலர் பரிகாசம் செய்கிறார்கள். "படிக்க வந்தவனுக்குத் தன் வகுப்புக்குப் போகவா வழி தெரியாது? நாங்கள் நாலு பேரைக் கேட்டு நடக்கவில்லையா?" என்பது அவர்களுடைய வாதம். மேலுக்கு இது நியாயம் போலத்தான் தோன்றும். ஆனால் இதற்குள் எவ்வளவு ஆணவம் ஒளிந்திருக்கிறது என்பதை வாசகர்கள் சற்று யோசித்துப் பார்க்க வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம்.

நார்வே தேசத்தில் டிரோண்ட்ஹெய்ம் என்ற ஊரில் ஒரு பெரிய விஞ்ஞான, தொழில்நுட்ப சர்வகலாசாலை இருக்கின்றது. 1910-ல் திறக்கப்பட்ட ஒரு பிரதான கட்டிடத்தைச் சுற்றி, நூறு வருஷ காலமாக மேலும் மேலும் கட்டிக்கொண்டே வந்ததில், அந்த ஒரு வளாகத்தில் மாத்திரம் சுமார் 60 கட்டிடங்களும் சுமார் 13,000 அறைகளும் சேர்ந்துவிட்டன. இது பள்ளிக்கூடமா, பட்டணமா? முதல் நாள் அங்கு நுழையும் மாணவன் எப்படி வழி கண்டுபிடிப்பான்? அண்ணனோ அக்காளோ அங்கு படித்திருந்தால் அவனுக்குச் சொல்லியிருப்பார்கள். தன் குடும்பத்தில் தானே முதன்முதல் படிக்க வந்தவனுக்கு யார் சொல்லுவார்கள்? "கேட்டால் என்ன?" என்கிறார்கள். நம்மில் யாரும் முதல் தடவை ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கோ கச்சேரிக்கோ போய், கேட்டதற்கெல்லாம் எரிந்து விழும் சிப்பந்தியின் முன் நின்றதில்லையா? தெரிந்தவனுக்குத் தெரிந்ததெல்லாம் சுலபம். தெரியாதவனைப் பார்த்துச் சிரிப்பது அதைவிடச் சுலபம்.

அந்த சர்வகலாசாலையில் 2011-ஆம் வருஷம் "கேம்பஸ்கைடன்" என்ற செயலி ஏற்பட்டது. நீ இங்கே நிற்கிறாய், உன் அறை அங்கே இருக்கிறது, இந்த வழியாய்ப் போ என்று அது படம் போட்டுக் காட்டிற்று. இதில் மாயமோ மந்திரமோ கிடையாது. பூமிக்குமேல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக் கோள்கள் அனுப்பும் சைகை, புறப்பட்ட நேரத்திற்கும் கைபேசிக்கு வந்து சேர்ந்த நேரத்திற்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டால் தூரம் தெரியும். நாலு கோள்களின் கணக்கு சேர்ந்தால் நிற்கும் இடம் தெரியும். ஆனால் சுவரும் கூரையும் அந்தச் சைகையைத் தடுத்துவிடும். ஆகையால் கட்டிடத்திற்குள், ஆங்காங்கு மாட்டியுள்ள வைஃபை பெட்டிகளின் சைகையைக்கொண்டு இடம் கணிக்கிறார்கள். எல்லாம் கணக்கு; வேறொன்றுமில்லை.

இதிலும் ஒரு பாடம் இருக்கின்றது. அமெரிக்க ராணுவத்தார் செய்த இந்தக் கோள் ஏற்பாட்டில், பொதுஜனங்களுக்குக் கிடைக்கும் சைகையை மாத்திரம் வெகு காலம் வேண்டுமென்றே பிழைபடுத்தி வைத்திருந்தார்கள். 2000-ஆம் வருஷம் மே மாதத்தில்தான் அந்தப் பிழையை நிறுத்தினார்கள். சிலருக்குச் சரியான வழி, மற்றவர்களுக்குக் கோணல் வழி என்றிருந்தது ஒழிந்த பிறகே, இன்று யார் வேண்டுமானாலும் கைபேசியைப் பார்த்து நடக்க முடிகிறது. அறிவைப் பொதுவாக்கினால் உலகம் கெட்டுப் போய்விடவில்லை.

நிற்க, வழி காட்டுவது வேறு, வழி உண்டாக்குவது வேறு என்பதையும் சொல்ல வேண்டியிருக்கின்றது. 1962-ல் அமெரிக்காவில் பெர்க்லி சர்வகலாசாலைக்கு எட் ராபர்ட்ஸ் என்பவர் படிக்க வந்தார். இளம்பிள்ளைவாதத்தால் கைகால் செயலற்று, இரும்பு நுரையீரல் என்னும் இயந்திரத்தின் உதவியால் மூச்சு விட்டு வந்தவர். மாணவர் விடுதியில் அவரை வைக்க இடமில்லை என்று, வளாகத்து ஆஸ்பத்திரியில் ஓர் அறை கொடுத்தார்கள். அவரும் அவரைப் போன்ற தோழர்களும் சேர்ந்து கிளர்ச்சி செய்த பிறகே சக்கர நாற்காலி போகும்படியான சரிவுப் பாதைகள் ஏற்படலாயின. அவர்களுக்கு வேண்டியிருந்தது படமா, பாதையா?

இன்று ஒரு மாணவி சக்கர நாற்காலியில் அமர்ந்துகொண்டு, "படியில்லாத வழியைக் காட்டு" என்று செயலியைக் கேட்டால், அது "அப்படி ஒரு வழி இல்லை" என்று சொல்லுமானால், குற்றம் செயலியுடையதா, கட்டிடம் கட்டியவர்களுடையதா? அந்த "இல்லை" என்ற ஒரு வார்த்தையே நிர்வாகிகள்மேல் கொண்டுவரப்பட்ட குற்றச்சாட்டு என்று நாம் சொல்லுவோம். செயலி வாங்கிவிட்டோம், நம் கடமை தீர்ந்தது என்று கையைத் துடைத்துக்கொள்ளுவது பித்தலாட்டமேயாகும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கின்றது. அமெரிக்காவில் சில கலாசாலைகள் மாணவர்களுடைய கைபேசியைக்கொண்டே அவர்கள் வகுப்புக்கு வந்தார்களா, எத்தனை நிமிஷம் தாமதித்து வந்தார்கள் என்று கணக்கெடுப்பதை 2019-ல் "வாஷிங்டன் போஸ்ட்" பத்திரிகை வெளியிட்டது. மாணவன் தனக்கு வழி தெரிந்துகொள்ள ஒரு கருவியை வைத்துக்கொண்டால், அதே கருவியை வைத்து அவனை வேவு பார்க்க இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? விளக்கைக் கொடுத்துவிட்டு, அந்த வெளிச்சத்தில் அவன் எங்கெங்கே போகிறான் என்று பின்னால் ஆள் அனுப்புவதுதான் கல்வி நிலையத்தின் யோக்கியதையா?

ஆகவே, இந்தச் செயலிகளை நாம் வரவேற்கின்றோம். ஆனால் அவை மாணவனுக்குச் செய்யும் தயவு அல்ல; அவனுக்குச் சேர வேண்டிய பாத்தியதை. கைபேசி இல்லாதவனுக்கும், இருந்தும் மின்சாரம் தீர்ந்து போனவனுக்கும், சுவரில் யாவரும் படிக்கத்தக்க பலகை இருக்க வேண்டும். படியேற முடியாதவருக்குச் சரிவுப் பாதை வேண்டும். யார் எங்கே போனார்கள் என்ற கணக்கைச் சேர்த்து வைக்கவே கூடாது. இவ்வளவும் செய்த பிறகும் ஒருவன் வழி தவறினால் அப்பொழுது வேண்டுமானால் சிரியுங்கள். அதுவரையில் வெட்கப்பட வேண்டியவர்கள் வழி தெரியாதவர்கள் அல்ல, வழியைத் தெரிவிக்காதவர்களேயாவார்கள் என்பது நமது அபிப்பிராயம்.