பானைச் சோறன்று கிணற்று நீர்

ஒருபானைச் சோற்றுக்கு ஒருசோறு பதம் என்னும் பழமொழி உலையில் வேகும் அரிசிக்கு ஒக்கும். எண்ணெய் கலந்த கிணற்று நீருக்கு ஒவ்வாது. எண்ணெய் நீரின்மேல் மிதக்கும். கலத்தின் சுவரில் ஒட்டும். அதன் ஒரு சிறுகூறு மட்டும் கரைந்து கண்ணுக்குப் புலனாகாமல் பரவும். இவ்வேறுபாட்டை மறந்து ஆய்வுத்தாளின் கடைசி வரியை மட்டும் படிப்போர்க்கு யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் ஒரு பாடம்.

வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாடு அது. மழைநீரைச் சுண்ணக்கற்பாறை உள்வாங்கி, உவர்நீரின்மேல் நன்னீராக ஏந்திநிற்கின்றது. குடிநீரும் பயிர்நீரும் அதுவே. பாறையின் பொந்தும் பிளவும் மழையை எத்துணை விரைந்து உள்ளே விடுமோ, அத்துணை விரைந்து கழிவையும் விடும். அங்கு மின்னாக்க நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் படர்ந்தது. நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013, 2014ஆம் ஆண்டுகளில் 150 கிணறுகளை ஆய்ந்து, அவற்றுள் 109இல் எண்ணெயும் கொழுப்பும் ஏற்கத்தக்க அளவை விஞ்சியிருக்கக் கண்டது. பின்னர் வட மாகாண அவை அமர்த்திய வல்லுநர் குழுவோ, அஞ்சத்தக்க நச்சு இல்லை என்றது. ஊரார் எதனை நம்புவர்? வாளியை முகந்து முகர்ந்து பார்த்த தாய்க்கு ஆய்வுக்கூடம் வேண்டியிருக்கவில்லை. ஆனால், மூக்கு அறிந்தது மன்றத்தில் சான்றாகாதே!

இத்தகைய முரண் எழுமிடத்து முதற்கண் கேட்கத்தக்கது, எவர் மெய்யர் என்பதன்று. எதனைத் தேடினர், எவ்வாறு முகந்தனர் என்பதே. எண்ணெய், கொழுப்பு ஆய்வு, கரைப்பானில் கரைவனவற்றையெல்லாம் திரட்டி எடைபோடுவது. அடுப்படி எண்ணெயையும் எந்திர எண்ணெயையும் அது பிரித்துக் காட்டாது. பென்சீன் ஆய்வோ வேறு வினா. உலக நலவாழ்வு நிறுவனம் குடிநீரில் அதற்கு வகுத்த எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். ஆயினும் கனத்த எரிநெய்களில் பென்சீன் மிகக் குறைவாகலின், பென்சீன் இல்லை என்பதாலேயே எண்ணெய் இல்லை என்று முடித்தல் பிழை.

முகக்கும் முறையிலும் உண்மை வழுவும். கண்ணாடிக் குப்பியை விடுத்து ஞெகிழிக் குப்பியில் எடுத்தால் எண்ணெய் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அதிலிருந்து ஒருபகுதியை மட்டும் வேறு கலத்துக்கு மாற்றினாலும் கணக்குக் குறைந்தே வரும். பென்சீனுக்குரிய சிறுகுப்பியில் காற்றுக்குமிழி ஒன்றும் இருத்தலாகாது. இருப்பின் நச்சு நீரைவிட்டு அதற்குள் ஆவியாகிவிடும். எடுத்தநீர் குளிர்ந்த நிலையில் ஆய்வுக்கூடம் சேரவேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் தாளில் ‘மாசு இல்லை’ என்று வரக்கூடும். கிணற்றில் மாசு இருக்கும். கூடத்துக் கருவி எத்துணை விலையுயர்ந்ததாயினும், கிணற்றடியில் நேர்ந்த பிழையை அது திருத்தாது.

2019 ஏப்பிரல் 4ஆம் நாள் இலங்கை உச்ச அறமன்றம், நிலத்தடி நீரை மாசுபடுத்திய மின்னாக்க நிறுவனம் 2 கோடி உருபா இழப்பீடு தரவேண்டுமெனத் தீர்த்தது. ஒருவர்க்கு மிகுதியாகக் கிடைப்பது 40,000 உருபா. தலைமுறைகள் குடித்த கிணற்றுக்கு இதுவோ விலை? எனினும், தவறு தவறெனப் பதிவானது சிறிதன்று.

தீர்ப்பு எண்ணெயைக் கிணற்றினின்று இறைத்துவிடாது. வடகீழ்ப் பருவமழைக்கு முன்னும் பின்னும், ஒரே கிணறுகளில், ஒரே முறையில், ஆண்டுதோறும் நீரெடுத்து ஆயவேண்டும். நீர் முகக்கும்பொழுது வீட்டார் உடனிருக்கவேண்டும். எதனைத் தேடினர், எவ்வளவு கண்டனர் என்பது எளிய தமிழில் எழுதப்பெற்று, அக்கிணற்றுக்குரியார் கையில் சேரவேண்டும். அலுவலகப் பெட்டியில் உறங்கும் ஆய்வுத்தாளை யாரும் குடிப்பதில்லை. அவர்கள் குடிப்பது அந்த நீரை.